ஆண்டான் பாட்டும் ஆல் இந்தியா ரேடியோவும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தொழில்துறை உங்களிடம் எதிர்பார்ப்பது என்ன? இந்தத் தலைப்புல ஒரு அரைமணி நேரம் பேசுப்பா" என்றார். வருஷா வருஷம் யாராவது ஒருவர் இதைப் பேசிவிடுகிறார். நான் படித்த காலத்தில் நாலு தடவை கேட்டிருக்கிறேன். ஒன்றும் ஞாபகம் இல்லை. அதனால் "நான் பாட்டைப் பத்திப் பேசறேனே அண்ணே" என்றேன். அவர் கொஞ்சம் பயந்துதான் சரி என்றார். பாட்டு என்றால் சினிமாப் பாட்டு அல்ல. நிகழ்ச்சி தொடங்கும் முன் பத்து, இருபது விநாடி ஒலிக்குமே, முகப்பு இசை, அது. எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. இதற்குள் நான் எப்படி வந்தேன் என்று சொல்றேன்.

சிங்கப்பெருமாள் கோவிலில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் எங்கப்பா டீக்கடை வைத்திருந்தார். எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக் கோவில் எங்களுடையது. சாமி மலையோடு மலையாக இருப்பதால் அவரைச் சுற்ற வேண்டுமானால் மலையையே சுற்ற வேண்டும். அந்தக் காலத்தில் ஊருக்கு அடையாளம் இரண்டு. ஒன்று பெருமாள், மற்றது ரயில்வே கேட். கேட் போட்டால் ஸ்ரீபெரும்புதூர் ரோடு முழுக்க வண்டி நிற்கும். அப்பா கடையில் வியாபாரம் நடக்கும்.

கடையில் ஒரு பழைய பிலிப்ஸ் ரேடியோ. விடியற்காலையில் அப்பா முதலில் பாய்லரைப் பற்ற வைப்பார், பிறகு ரேடியோவைத் திருகுவார். கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம். அப்புறம் தம்புரா சுருதி, அதன்மேல் ஒற்றை வயலின். ஆல் இந்தியா ரேடியோவின் முகப்பு இசை. பின்னாலேயே வந்தே மாதரம், மங்கல இசை. பெஞ்சுக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்திருக்கும் எனக்கு, எழுந்திருக்க வேண்டும் என்று அர்த்தம். ஒருநாள், "அது என்ன பாட்டுப்பா?" என்று கேட்டேன். "அது பாட்டாடா? அது பால் வர்ற நேரம்" என்றார். உண்மைதான். அந்த வயலின் முடிவதற்குள் பால்காரர் சைக்கிளில் கேன் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டுவிடும். ரொம்ப வருஷம் எனக்கு அந்த இசையில் பால் வாடை அடித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கல்லூரியில் 2010-ல் படிப்பை முடித்து, ஒரகடம் சாலையில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஜப்பானிய உற்பத்தி முறையைப் பின்பற்றும் ஆலை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அசெம்பிளி லைன் நெடுக, தலைக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு போகும். (அந்தக் கயிறை வைத்துப் பையன்கள் அடிக்கிற கல்யாண ஜோக்குகளை மேடையில் சொல்ல முடியாது.) வேலை செய்கிறவருக்கு ஏதாவது சிக்கல், உதாரணமாக ஒரு பாகம் பொருந்தவில்லை, கருவி மக்கர் பண்ணுகிறது என்றால் அவர் அந்தக் கயிறை இழுக்க வேண்டும். போர்டில் அவருடைய ஸ்டேஷன் நம்பர் எரியும், ஒரு மெட்டு ஒலிக்கும். டீம் லீடர் ஓடிவந்து சரிசெய்யும் வரை மெட்டு நிற்காது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் 'ஆண்டான்'. ஜப்பானிய மொழியில் அது காகிதக் கூண்டு போட்ட விளக்கின் பெயர். நம் பையன்களுக்கு ஜப்பானிய மொழி எதற்கு? ஆண்டான் என்றால் என்ன என்று தமிழிலேயே தெரியுமே! "ஆண்டான் கூப்பிடறான், அடிமை ஓடுறான்" என்பார்கள்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மெட்டு. எங்கள் பகுதிக்கு பீத்தோவனின் 'ஃபியூர் எலிசே'. பெயர் தெரியாவிட்டாலும் உங்கள் எல்லாருக்கும் தெரிந்த மெட்டுதான். கார் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் பாடுமே, அது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் நான் ஷிப்ட் இன்ஜினியர். தினமும் காலை மீட்டிங்கில் முந்தின நாள் எந்த ஸ்டேஷனில் எத்தனை முறை கயிறு இழுக்கப்பட்டது என்று நான் வாசிப்பேன். நம்பரோடு பெயரையும் வாசிப்பேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை, எனக்கே தோன்றிய யோசனை. இரண்டே மாதத்தில் எங்கள் பகுதியில் பாட்டு ஒலிப்பது பாதியாகக் குறைந்தது. எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள்.

ஒரு நைட் ஷிப்டில் வந்தவாசிப் பக்கத்துப் பையன் ஒருவனுடைய நட் ரன்னர், அதாவது நட்டை அளவான விசையில் முறுக்கும் கருவி, சரியாக முறுக்கவில்லை. அவனுக்கு அது தெரிந்தது. ஆனால் கயிறை இழுக்கவில்லை. கையால் ஒரு திருகு திருகி அனுப்பிக்கொண்டே இருந்தான். விடிவதற்குள் 63 வண்டிகள் போய்விட்டன. நல்ல வேளை, ஆலையை விட்டு எதுவும் வெளியே போகவில்லை. எல்லாவற்றையும் திரும்பப் பிரித்து மாட்டினோம். விசாரணையில், "ஏன்டா இழுக்கல?" என்று கேட்டேன். "ஏற்கெனவே நேத்து நாலு வாட்டி இழுத்தேன் சார். காலைல என் பேரைப் படிச்சீங்க. அந்தப் பாட்டு கேட்டாலே வயித்தைக் கலக்குது சார்" என்றான்.

கான்ட்ராக்ட் பையன். மறுநாள் அவனை ஷிப்ட் பஸ்ஸில் ஏற்றவில்லை. அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். இதை இதுவரை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. அந்தக் கடிகாரம் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்த வருஷம் என்னை வேறு லைனுக்கு மாற்றினார்கள். அங்கே புது ஆண்டான் கருவி பொருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. கருவிக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட மெட்டுகள். எதை வைக்கலாம்? வயிற்றைக் கலக்காத மெட்டு எது? இதைத் தேடப் போனவன்தான், இரவு இரவாக இந்த முகப்பு இசைக் கதைகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் தெரிந்துகொண்ட விஷயம் எனக்குப் பெரிய ஆச்சரியம். டி.வி. நிகழ்ச்சிக்கு இசை என்றால், நிகழ்ச்சியைப் பார்த்து ஒருவர் உட்கார்ந்து இசையமைப்பார் என்றுதானே நினைப்போம்? பிரிட்டனில் எப்போதும் அப்படி இல்லை. அங்கே 'லைப்ரரி மியூசிக்' என்று ஒரு தொழிலே இருக்கிறது. லண்டனில் டி வொல்ஃப் என்ற நிறுவனம் 1909-ல் தொடங்கியது. அது ஊமைப் படக் காலம்; படம் ஓடும்போது கொட்டகையில் வாசிப்பதற்கு இசைத்தாள்கள் தயாரித்துக் கொடுத்தார்கள். பேசும் படம் வந்ததும் ஒலிப்பதிவு செய்து வைத்தார்கள். பிறகு கே.பி.எம். முதலான கம்பெனிகள் வந்தன. சோகம், துரத்தல், நகரத்துப் பரபரப்பு, விளையாட்டு என்று மனநிலை வாரியாக இசையமைத்து, இசைத்தட்டாக்கி அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். அந்தத் தட்டுகள் கடையில் விற்பனைக்குக் கிடையாது. டி.வி.க்காரர், சினிமாக்காரர், விளம்பரக்காரர் வந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு, பயன்படுத்திய நேரத்துக்குக் கட்டணம் கட்டுவார்கள். பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் இந்தத் தொழிலை விரும்பவில்லை. தயாரான இசை வந்தால் எங்கள் பிழைப்பு என்னாவது என்ற பயம். அதனால் பல ஒலிப்பதிவுகளை பிரஸ்ஸல்ஸ், கொலோன் நகரங்களுக்குப் போய்ச் செய்துகொண்டு வந்தார்களாம். கான்ட்ராக்ட் விவகாரம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்று தோன்றியது.

நம் பாஷையில் சொன்னால் இது ஸ்டோர்ஸில் இருக்கும் எம்-8 போல்ட். எந்த வண்டியில் போய் உட்காரப் போகிறோம் என்று அந்த போல்டுக்குத் தெரியாது. செய்தவருக்கும் தெரியாது.

நீல் ரிச்சர்ட்சன் என்பவர் கே.பி.எம். அலமாரிக்காக ஒன்று இசையமைத்தார். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'நெருங்கி வரும் ஆபத்து'. யாரோ யாரையோ துரத்தும் காட்சிக்கு ஆகும் என்று நினைத்திருப்பார். 1972-ல் பி.பி.சி. 'மாஸ்டர்மைண்ட்' என்ற வினாடி வினாவைத் தொடங்கியபோது அதை எடுத்து முகப்பில் வைத்தது. இருட்டில் ஒரு கறுப்பு நாற்காலி, அதில் ஒரு ஆள், மேலே விளக்கு. அந்த நிகழ்ச்சியை உருவாக்கிய பில் ரைட், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாகி விசாரணையை அனுபவித்தவர். அந்த நினைவில்தான் நாற்காலியும் விளக்கும். கேள்வி கேட்பதற்கு முன்பே வியர்க்க வைக்கும் இசை. நம் வைவா அறை வாசலில் வைத்தால் பொருத்தமாக இருக்கும்! அதே கே.பி.எம்.முக்கு கீத் மான்ஸ்ஃபீல்ட் எழுதிய ஒரு மெட்டு பி.பி.சி.யின் விம்பிள்டன் ஒளிபரப்புக்கு முகப்பாயிற்று. அவருடைய இன்னொரு மெட்டை, முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 2003-ல் டரான்டினோ 'கில் பில்' படத்தின் தொடக்கத்தில் வைத்தார். ஜானி பியர்சன் எழுதிய ஒன்று அமெரிக்காவில் திங்கட்கிழமை இரவுக் கால்பந்துக்கு அடையாளமே ஆகிவிட்டது. கால்பந்து என்றால் அவர்கள் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது.

தம்பிகளுக்குத் தெரிந்த உதாரணம் சொல்கிறேன். செல்போன் வீடியோவில் எவனாவது வழுக்கி விழுந்ததும் ஒரு டியூபா 'பூம் பூம்' என்று ஊதி, டைரக்டர் பெயர் வருமே? அது லூசியானோ மிச்செலினி என்ற இத்தாலியர் 1974-ல் ஒரு இத்தாலியப் படத்துக்காகப் போட்டது. அமெரிக்காவில் ஒரு வங்கி விளம்பரத்தில் அது ஒலித்ததைக் கேட்ட லாரி டேவிட், பல வருஷம் கழித்துத் தன் டி.வி. தொடருக்கு எடுத்துக்கொண்டார். இத்தாலிப் படத்தில் பிறந்து, வங்கியில் வேலை பார்த்து, இன்று நீங்கள் அரியர் வாங்கும்போது நண்பன் அனுப்பும் இசையாக இருக்கிறது.

நம் ஊரிலும் உண்டு. டாட்டாவும் நம் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் கைக்கடிகாரம் செய்தது. 1980-களின் இறுதியிலிருந்து அதன் விளம்பரத்தில் வரும் இசை மோட்சார்ட்டின் 25-வது சிம்ஃபொனி. 1773-ல், தன் 17 வயதில் எழுதியது. எங்கம்மாவுக்கு மோட்சார்ட் யாரென்று தெரியாது. ஆனால் அந்த இசை எங்கே ஒலித்தாலும் "வாட்ச் பாட்டு" என்பார். ஓசூர் வாட்சுக்காகத்தான் ஆஸ்திரியாவில் ஒருவர் அதைப் போட்டார் என்றே நானும் ரொம்ப நாள் நம்பினேன்.

சினிமாவில் எனக்குப் பிடித்த உதாரணம் பாலு மகேந்திராவின் 'வீடு', 1988. அதற்கென்று தனியாகப் பின்னணி இசை அமைக்கவில்லை. இளையராஜா 1986-ல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்துப் பொருத்தினார்கள். அந்த இசை பிறந்தபோது வீடும் இல்லை, வீட்டுக் கடனும் இல்லை. ஆனால் சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டைப் பார்க்க நடந்துபோகும் படத்தைப் பார்த்தவர்கள், அந்த வயலினை இனி வேறு எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எல்லாமே இப்படி அலமாரியிலிருந்து எடுத்தது என்று சொல்லவில்லை. 'மால்குடி டேய்ஸ்' முகப்பை எல். வைத்தியநாதன் அந்தத் தொடருக்கென்றே அளவெடுத்துத் தைத்தார். தூர்தர்ஷனுக்கு 1976-ல் ரவிசங்கரும் ஷெனாய் வித்வான் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து செய்தார்கள். அவை தனி ரகம்.

இவ்வளவும் படித்த பிறகு எங்கள் பழைய எதிரி ஃபியூர் எலிசேவிடம் திரும்பினேன். பீத்தோவன் 1810-ல் எழுதி, அவர் இறந்து 40 வருஷம் கழித்து 1867-ல்தான் அச்சாயிற்று. தைவானில் குப்பை வண்டி அதைப் பாடிக்கொண்டு தெருவுக்கு வரும். ஜனங்கள் குப்பைப் பையோடு ஓடிவருவார்கள். நம் ஊரில் கார் பின்னால் வருகிறது, நகரு என்று அர்த்தம். எங்கள் லைனில், உன் பெயரை நாளைக்குக் காலையில் வாசிப்பார்கள் என்று அர்த்தம். மூன்று இடத்திலும் ஒரே ஸ்வரங்கள். அவற்றில் வயிற்றைக் கலக்குவது எதுவும் இல்லை. கலக்கியது காலை மீட்டிங்.

புரிந்ததே தவிர, அப்போதும் நான் முழுசாகத் திருந்தவில்லை. பையன்களையே மெட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவர்கள் ஒரே குரலில் ராஜா பாட்டு ஒன்றைக் கேட்டார்கள். எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன், உங்களுக்கும் கெட்டுவிடும். எலக்ட்ரிகல் பிரிவு நண்பர் ஒருவர் அதைக் கருவியில் ஏற்றித் தந்தார். முதல் வாரம் ஒரே குஷி. மூன்றாவது வாரம் ஒரு சீனியர் ஆபரேட்டர் வந்தார். "சார், வீட்ல என் பொண்டாட்டி அந்தப் பாட்டைப் போட்டா நான் எந்திரிச்சு ஓடப் பாக்குறேன் சார். ராஜா பாட்டைக் கெடுத்துட்டீங்க. தயவுசெஞ்சு மாத்திடுங்க" என்றார்.

மாற்றிவிட்டேன். இப்போது வெறும் 'டிங் டாங்'. மெட்டோடு சேர்த்து இன்னொன்றையும் மாற்றினேன். காலை மீட்டிங்கில் பெயர் வாசிப்பதை நிறுத்தினேன். மணி அடித்தால், நான் அந்தப் பக்கம் இருந்தால், டீம் லீடருக்கு முன்னால் நான் போவேன். போனதும் முதல் கேள்வி, "என்னப்பா வேணும்?" அவ்வளவுதான். முதல் மாதம் மணி இரண்டு மடங்கு அடித்தது. மேலே இருப்பவர்கள் என்னைக் கூப்பிட்டு, "என்ன, உங்க லைன்ல இவ்வளவு பிரச்சினை?" என்றார்கள். "முன்னாடியும் இவ்வளவு இருந்துச்சு சார், இப்பதான் சத்தம் கேக்குது" என்றேன். இந்தப் பதிலுக்குக் கடிகாரம் எதுவும் கொடுக்கவில்லை.

கடைசியாக, எங்கப்பா கடை ரேடியோ. அந்த முகப்பு இசையை யார் போட்டார்கள் என்று நான் தேடியது ரொம்பத் தாமதமாகத்தான். வால்டர் காஃப்மன். 1907-ல் கார்ல்ஸ்பாட் நகரில் பிறந்த யூதர். இன்று அது செக் நாட்டில் இருக்கிறது. பெர்லினிலும் பிராகிலும் படித்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறு வருஷம், 1934-ல், கப்பலேறி பம்பாய் வந்து சேர்ந்தார். இந்திய இசைத்தட்டுகளை முதலில் கேட்டபோது அவருக்கு ஒன்றும் புரியவில்லையாம். ஆனால் இத்தனை கோடிப் பேர் நேசிக்கும் இசை என்றால் குறை தன் காதில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். 1936-ல் அவர் போட்டதுதான் நம் வானொலி மெட்டு. அதே வருஷம்தான் ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரும் வந்தது. மெட்டில் சிவரஞ்சனியின் சாயல் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா, சுபின் மேத்தாவின் தகப்பனார் என்பார்கள். பம்பாய் வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவுக்குக் காஃப்மன் 1946 வரை தலைமை வகித்தார். பிறகு கனடா போய் வின்னிபெக் நகர இசைக்குழுவை நடத்தினார். அங்கிருந்து அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகம். 1976-ல் தென்னிந்திய ராகங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார்.

போன தீபாவளிக்கு இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கடை இப்போது இல்லை. அவர் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார். பொறுமையாகக் கேட்டார். சிவரஞ்சனி, சிம்ஃபொனி எதற்கும் அவர் முகம் அசையவில்லை. முடித்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"அவரு மறுபடியும் சொந்த ஊருக்குப் போயி இருந்தாராப்பா?"

"இல்லப்பா. அமெரிக்காவிலேயே இருந்துட்டாரு. 1984-ல அங்கதான் செத்துப்போனாரு."

அப்பா கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரகடம் போகும் ஷிப்ட் பஸ் ஒன்று திரும்பிப் போயிற்று.

"அங்க நம்ம ரேடியோ எடுத்திருக்காதே" என்றார்.